பன்னிரண்டு வரியில் ஒரு கொலை

“ஐயோ... மாமா!”

அலறல் கேட்டு ஐந்தாம் மாடியே எழுந்து ஓடியது.

லிஃப்ட் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. வெறும் பள்ளம்!

அடியில் வாத்தியார் கிடந்தார். கையில் அந்த மாத மார்க் பட்டியல். அதைப் படித்துக்கொண்டே காலை எடுத்து வைத்திருக்கிறார், பாவம்.

லிஃப்ட்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. யார் எழுதியது எவ்வளவு சுத்தம் என்று மெஷினை வைத்து மார்க் போட்டு, மாதாமாதம் பரிசு கொடுக்கும் அதிகாரி அவர். அதனால்தான் ‘வாத்தியார்’.

அலறியவன் அவர் மனைவியின் தம்பி. நூற்றுக்கு முப்பத்தொன்றைத் தாண்டியதே இல்லை. ஆபீசில் அவன் பெயரே ‘முப்பத்தொண்ணு’.

மதியத்துக்குள், ஆபீஸ் அறை ஒன்றிலேயே, இன்ஸ்பெக்டர் அம்மாள் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான்.

“காலை பத்து மணிக்கு, அஞ்சாவது மாடியில, லிஃப்ட் வராமலே கதவு திறக்கணும்... அப்படின்னு பன்னிரண்டு வரி. நேத்து உன் கம்ப்யூட்டர்ல இருந்து இந்த லிஃப்ட்டோட மென்பொருள்ல ஏறியிருக்கு. உங்க மாமா பத்து மணிக்கு டாண்னு கீழே இறங்குவாருன்னு உனக்குத் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும் மேடம்! நான் கம்ப்யூட்டரைப் பூட்டாம டீ குடிக்கப் போயிட்டேன்...”

“மார்க் ஏறலைன்னா வேலை போயிடும்னு மிரட்டினாராமே?”

“அதுக்காக அக்கா வாழ்க்கையில நானே மண்ணைப் போடுவேனா? அவ ஃபோனையே எடுக்க மாட்டேங்கறா... நான்தான் கொன்னுட்டேன்னு நம்பிட்டா!”

உடைந்து அழுதான். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. கொன்றவர்களும் நன்றாகவே அழுவார்கள்.

ஃபோன் அடித்தது. சைபர் பிரிவுப் பெண்.

“மேடம், அந்தப் பன்னிரண்டு வரியை அவங்க மார்க் மெஷின்லயே போட்டுப் பார்த்தேன். நூத்துக்கு நூறு!”

“என்னது?”

“வரிக்கு வரி விளக்கம். ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க மூணு டெஸ்ட் வேற எழுதியிருக்கு. கொலைக்கு ஒத்திகை மேடம்!”

இன்ஸ்பெக்டர் முப்பத்தொண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

இவனுக்கா நூறு?

அடுத்த அறையில் முதல் ரேங்க்காரன் இருந்தான். மேஜையில் பதினோரு மாதத்துப் பரிசுக் கோப்பைகள், நூல் பிடித்தாற்போல.

“அந்தப் பன்னிரண்டு வரியைப் பார்த்தீங்களா சார்?”

“எங்கே மேடம்? காலையிலேயே எல்லாத்துக்கும் சீல் வெச்சுட்டீங்களே.”

“பார்க்காததே நல்லது. படு மட்டமாம். ஒரு டெஸ்ட்கூட எழுதல. சுத்தக் குப்பைன்னு...”

“யார் சொன்னது?” அவன் முகம் சிவந்தது. “மூணு டெஸ்ட் இருக்கு!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பார்க்காமலே எண்ணிட்டீங்களே சார்!”

அவன் ஒரு கோப்பையை நகர்த்தி வரிசையை நேராக்கினான்.

“வாத்தியார் நோட்டைப் படிச்சேன். அடுத்த மாசத்துல இருந்து எழுத்துச் சுத்தத்துக்கு மார்க் கிடையாது. யாரோட லிஃப்ட்ல புகாரே வரலையோ, அவனுக்குத்தான் பரிசு. அந்தக் கணக்குல முப்பத்தொண்ணு முதல்ல, நீங்க கடைசி. நேத்து காலையில உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கார்.”

“அவன் எழுதறதைப் பார்த்திருக்கீங்களா? கோழி கிளறின மாதிரி இருக்கும்! அவனுக்குப் பரிசா?”

“பழியை மட்டும் அவனுக்குக் கொடுக்கலாமா? சரி, அவனை மாதிரியே மட்டமா எழுதியிருந்தா தப்பிச்சிருக்கலாமே?”

அவன் தலை கவிழ்ந்தது.

“முயற்சி பண்ணினேன் மேடம்... கை வரல.”

கொஞ்ச நேரத்தில் வெளியே முப்பத்தொண்ணின் ஃபோன் அடித்தது. அக்கா.

“டேய்... நீ இல்லைன்னு போலீஸ் சொன்னாங்க. வீட்டுக்கு வாடா... மாமா இல்லாம எனக்குப் பயமா இருக்கு...”

உள்ளே பேசியதையெல்லாம் அவன் கதவோரம் நின்று கேட்டிருந்தான். மாமா தன்னை முதலிடத்தில் வைத்திருந்ததை, அவர் இல்லாத நாளில் தெரிந்துகொண்டிருக்கிறான்.

முதல் ரேங்க்காரனுக்கு விலங்கு ஏறியது. அப்போதும் அவன் கண் கோப்பைகளின் மேலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

“கவலைப்படாதீங்க சார். ஜெயில்லயும் நன்னடத்தைக்கு மார்க் உண்டு... அங்கேயும் நீங்கதான் ஃபர்ஸ்ட்!”