யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை

அந்த மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. குடையை வேலையிடத்திலேயே விட்டு வந்த தன் புத்தியை நொந்தபடி, கண்ணில் பட்ட முதல் தகரக் கூரைக்குள் ஓடினாள் அவள். உள்ளே பெயிண்ட் நெடி. மூக்கு நசுங்கிய கார்கள், கண்ணாடி உதிர்ந்த வேன்கள்... விபத்தில் சிக்கிய வண்டிகளை ஒடுக்கெடுத்துப் புதிதாக்கும் பட்டறை. வேறொரு நாளாக இருந்தால் எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிருப்பாள்.

"அங்கேயே நின்னா சாரல் அடிக்கும் மேடம். உள்ள வாங்க."

சொன்னவன் அங்கே ஒடுக்கெடுக்கும் டிங்கர். தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூள். அதற்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் கழுவி வைத்தாற்போல் பளிச்சென்று... அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த வண்டி வந்தப்ப கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்துச்சு" என்று பக்கத்தில் நின்ற நீலக் காரைத் தடவிக்கொடுத்தான் அவன். "இப்ப பாருங்க. அடிபட்டதுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். "முன் கதவுக்கும் பின் கதவுக்கும் கலர் நல்லாச் சேர்ந்திருக்கு."

"அட! எப்படிங்க கரெக்டா அதைப் பார்த்தீங்க?"

"நான் பல் செட் செய்யறவ. பக்கத்துப் பல்லோட கலர் சேரலைன்னா சிரிக்கிறப்ப காட்டிக் குடுத்துடும்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழிலுன்னு சொல்லுங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று... என்று நினைக்கும்போதே அவன் குரல் உற்சாகமாக எழுந்தது.

"கலர் என்னங்க கலர்... கதவு மூடுற சத்தத்துலதான் டிங்கரோட கை தெரியும். கேளுங்க."

டப்.

அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தான் ஈரத் தரையில் தலையைக் கைகளால் மூடி உட்கார்ந்திருப்பதுதான். எப்போதும் அந்தச் சத்தத்தில்தான் அது தொடங்கும். கதவு மூடும். 'பெல்ட்டைப் போட்டுக்கோ பாப்பா' என்பான் அண்ணன். பிறகு வளைவு... லாரியின் முகம்... கண்ணாடி மழை.

"மேடம்? என்னாச்சு மேடம்?"

கண் திறந்தாள். முகத்துக்கு நேரே அந்த நீலக் காரின் நம்பர் பலகை. மனப்பாடமான எண்.

பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக அண்ணன் சொன்ன வண்டி!

எழுந்தாள். தரையில் கிடந்த சுத்தியலை எடுத்தாள். முன் கதவின் நடுவயிற்றில் ஓங்கி ஓர் அடி.

"அடிப்பாவி! பைத்தியமா உனக்கு?"

"வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க. இது எங்க அண்ணன் வண்டி. இந்தக் கதவுக்குப் பின்னாடி இருந்தவ நான்தான்."

அவன் விழித்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாரே..."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை! எலும்பு முறியவில்லை, தையல் போடவில்லை. ஆகவே ஒன்றும் ஆகவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். தூக்கமே இல்லை என்று போய் நின்றபோது, இன்னொரு மருத்துவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். கை உடைந்திருந்தால் பழம் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். தூக்கம் உடைந்தவளைப் பார்க்க யார் வருவார்கள்? வந்தவர்களும் புத்திமதியைத்தான் கொண்டுவந்தார்கள். எங்கே போனாலும் அவள் நடந்தே போவதைப் பார்த்து அண்ணி சிரித்தாள்: "உடம்பு இளைக்க நல்ல வழி."

"உங்க வீட்டுக் கோவத்துக்கு என் கதவு என்னங்க பண்ணுச்சு?" என்றான் டிங்கர். அடிபட்டது அவன் கர்வம். "ராப்பகலா உழைச்சு ஒரு கோடு தெரியாம எடுத்திருக்கேன்!"

"அதாங்க கோவம். நானும் பல்லு விழுந்த இடத்துல பல்லு வைக்கிறேன். ஆனா பல்லு விழவே இல்லைன்னு யார்கிட்டயும் சாதிக்கிறதில்ல."

கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள்.

வண்டியைப் பார்த்துவிட்டதாகச் சொன்னபோது, வீட்டில் அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "கெடுத்துட்டியே! உனக்கு சர்ப்ரைஸா வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் அந்த வண்டியிலயே, அதே ரோட்ல போறோம். ஒரு தடவை போயிட்டு வந்தா பயம் தெளிஞ்சிடும்."

"நான் வரல."

"உன்னைக் கேட்டேனா?"

யாரும் கேட்கவில்லைதான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாலை வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது, வாசலில் மோட்டார் சைக்கிளோடு ஒருவன் நின்றான். தூள் இல்லாத முகம். முதலில் அடையாளம் தெரியவில்லை... அப்புறம் அந்தக் கண்கள்.

"கதவுக்காகச் சண்டை போட வந்தீங்களா?"

"இல்லைங்க. பல் செட் செய்யற இடம் எங்கன்னு விசாரிச்சு வந்தேன். பட்டறைக்கு வர்ற வண்டில சீட்டுக்கடியில ஒத்தைச் செருப்பு கிடக்கும், மூக்குக்கண்ணாடி கிடக்கும்... பெருக்கித் தள்ளிட்டு வேலையைப் பார்ப்பேன். இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டதே இல்ல. நேத்து ராத்திரி பூரா மனசுல அதான் ஓடிச்சு... உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

அந்தக் கேள்வி. இத்தனை நாளில் ஒரு ஜீவன்கூடக் கேட்காத கேள்வி. அவளுக்கு அழுகை வரவில்லை. பொங்கிக்கொண்டு கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஒருவன் கேட்டுத்தானா இதைச் சொல்லவேண்டும்!

ஆனாலும் சொன்னாள். நடந்துகொண்டே சொன்னாள். ஹாரன் கேட்டால் உள்ளங்கை வேர்ப்பதை, குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்த முடியாததை... அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பக்கத்தில் நடந்தான்.

பாதி வழியில்தான் அவள் கவனித்தாள். "ஏன் தள்ளிக்கிட்டு வர்றீங்க? பெட்ரோல் இல்லையா?"

"நிறைய இருக்கு."

தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் காது சிவந்தது. நல்லவேளை, அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்... பார்த்துக்கொண்டிருந்தானா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறை வாசலில் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். "பேசாம வா. தெருவே வேடிக்கை பார்க்குது."

"பார்க்கட்டும்! விடு அண்ணா!"

"வண்டி ரெடியாப்பா?" என்றான் அண்ணன் டிங்கரிடம். கதவைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்னய்யா இது, ஒடுக்கு அப்படியே இருக்கு?"

டிங்கர் ஸ்பானரை எடுத்தான். கீலில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கதவு மொத்தமாகக் கையோடு வந்தது. தோளில் தூக்கிக்கொண்டான்.

"இதுல இன்னும் வேலை இருக்கு சார்."

"கதவு இல்லாம எப்படிய்யா கூட்டிட்டுப் போறது?"

"முடியாதுதான் சார்."

"எப்பத்தான் முடிப்ப?"

"அவங்களுக்கு எப்ப தோணுதோ, அப்ப மாட்டிடலாம்."

"என் வண்டி! என் தங்கச்சி! நடுவுல நீ யாருய்யா?"

"இதுல இருந்தவங்களைக் கேக்காமயே இதைச் சரி பண்ணினவன் சார். என் தப்பு அது."

அண்ணன் கை ஓங்கினான். ஓங்கிய கை நடுங்கியது... கோபத்தில் அல்ல. அவள் அந்தக் கையையே பார்த்தாள். அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை. விபத்துக்குப் பிறகு இந்தக் கை எந்த வண்டியையும் தொட்டு அவள் பார்க்கவே இல்லையே! அலுவலகத்துக்கு நண்பனோடு போகிறான். கடைக்கு அண்ணி போகிறாள். இது எப்படி இத்தனை நாள் கண்ணில் படவில்லை?

"அண்ணா... நீயும் தூங்கறதில்லையா?"

அவ்வளவுதான். பெரிய மனிதன் போல நின்றவன், பழைய டயர் ஒன்றின் மேல் சரிந்து உட்கார்ந்தான்.

"ஓட்டினது நான்டா பாப்பா... நீ ஒரு தடவை ஏறி உட்கார்ந்துட்டா, ஒண்ணும் ஆகலைன்னு நானும் நம்பிடுவேன்ல..."

"ஆச்சு அண்ணா. எனக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு. ஆனதைத் தைரியமா ஆச்சுன்னு சொல்லு. நம்மளை உட்கார வச்சுக் கேக்கற டாக்டர் ஒருத்தர் எங்கயாவது இருப்பார். தேடுவோம். ரெண்டு பேரும் போவோம்... நடந்தே."

அண்ணன் அழுதுகொண்டே தலையாட்டினான். வெகுநேரம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவள் பின்தங்கினாள். கதவு இன்னும் டிங்கரின் தோளில்தான் இருந்தது.

"இறக்கி வைங்க. கை வலிக்காதா?"

"வலிக்குது. இறக்கி வச்சா நீங்க போயிடுவீங்களோன்னு..."

"என்ன பேச்சு இது!"

"தெரியலைங்க. எனக்கு இரும்போடதான் பழக்கம்." கதவைச் சுவரில் சாய்த்தான். கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. சுத்தியலை எடுத்தீங்களே... அப்ப இருந்தே."

காலை வெயில் தகர இடுக்கு வழியாக அவன் இமைமேல் விழுந்தது. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த முறை பயத்தால் இல்லை.

"யோசிச்சுதான் பேசறீங்களா? நான் கடைசி வரைக்கும் வண்டியில ஏறாமலே போகலாம்."

"ஏறச் சொல்லவே மாட்டேன்."

"ஏன் மாட்டீங்க?" சீறினாள். "அதையும் நீங்களே முடிவு பண்ணுவீங்களா? சொல்ல வேணாம். கேளுங்க. தினமும் கேளுங்க. மாட்டேன்னு சொல்ல வேண்டியது நான்."

அவன் மோட்டார் சைக்கிளின் சீட்டைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"இன்னைக்கு ஏறுறீங்களா?"

"மாட்டேன்."

"சரி."

அவள் காத்திருந்தாள். ஏன் என்று கேட்பான், எதுக்குப் பயம் என்பான், ஒரே ஒரு தடவை என்பான்... அவனோ நடக்கத் தோதாகச் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கும்..." என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு."