அப்பாவின் நான்கு நாள் கோடை

லீவு என்றால் ஓய்வு என்று யாராவது சொன்னால், அவர் சுண்டுவின் அப்பாவைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒரு நாளுக்கு ஒரு தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் நேரம், நீல மையில் வேலை.

காலை 7.05 – எழுந்திருத்தல்.
7.10 – பல் தேய்த்தல் (மூவரும், வரிசையாக).
9.40 – படகு.
10.25 – சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளுதல்.
பிற்பகல் 2.10 முதல் 2.25 வரை – வானத்தைப் பார்த்தல்.

“வானத்தைக்கூடவா டைம் போட்டுப் பாக்கணும்?” என்று அம்மா கேட்டார்.

“பதினைஞ்சு நிமிஷம் தாராளம். வானம் எங்க ஓடிப் போகுது?” என்றார் அப்பா.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வேலை அப்படி. பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுபவர் அவர்தான். எந்த பஸ், எந்த நிறுத்தத்தில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று எழுதுவார். ஊரில் நூற்றுப் பதினெட்டு பஸ் அவர் பேனா சொன்னபடிதான் ஓடும். வருஷம் முழுக்க அதையே செய்கிற மனுஷனுக்கு லீவும் ஒரு பஸ்ஸாகத்தான் தெரியும்.

அதுவும் மூன்று வருஷத்துக்குப் பிறகு கிடைத்த லீவு. நான்கே நாள்.

சுண்டுவுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. விடுமுறையில் அது தேவைப்படாது, இங்கேயும் வேண்டாம். அந்த நான்கு நாளில் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். அப்பா அடிக்கடி சொல்கிற ‘அந்தக் கோடை’க்குள் ஒரு தடவை அப்பாவோடு போய்விட்டு வர வேண்டும்.

அது அப்பாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த கோடை. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பல் வலிக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசுவார்.

“அதுதாம்மா கோடை! ஆத்தோரத்துல நானும் உங்க அத்தையும்... ஒரே நாள்ல என்னென்ன பண்ணுவோம் தெரியுமா?”

“என்னென்ன பண்ணுவீங்க?”

“ஆறு இருந்துச்சா... புல்லு இருந்துச்சா... மேகம்...” அப்பா விரலை மடக்குவார். மூன்றாவது விரலோடு நின்றுவிடும். “இன்னும் நிறைய இருக்கும்மா. சொல்லி மாளாது.”

அப்போது அவர் முகம், மழை விட்ட பிறகு தெரு இருக்குமே, அப்படி இருக்கும்.

முதல் நாள், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடினார்கள். படகில் உட்கார்ந்து துடுப்பைத் தொடுவதற்குள், “கரைக்குத் திருப்புங்க, மிருகக்காட்சிசாலைக்கு நேரமாச்சு” என்றார் அப்பா. மிருகக்காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வரைதான் பார்க்க முடிந்தது. தலைக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வானத்தைப் பார்க்க வேண்டிய 2.10க்கு ஒரு பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள்.

“சுண்டு, சன்னல் பக்கம் பாரு! நீலமா தெரியுது பாரு, அதான் வானம்!”

“அது அந்த மாமாவோட சட்டைப்பா.”

மாமா திரும்பிப் பார்த்து முறைத்தார்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் அம்மா ஒரு வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். “நாள் முழுக்க அடுத்தவங்க காலைத்தான் பாக்குறேன். லீவுலயாவது என் காலை நான் பாக்கலாம்னு நினைச்சேன். இப்ப பாக்கவே பயமா இருக்கு” என்றார்.

அப்பா மெதுவாகச் சொன்னது, அடுத்த அறையில் இருந்த சுண்டுவுக்குக் கேட்டது.

“பிள்ளைக்கு மறக்க முடியாத மாதிரி ஒரு கோடையைக் குடுக்கணும்னு பாத்தேன். இன்னைக்கு அவ மூஞ்சியில சிரிப்பே இல்ல. நாளைக்கு இன்னும் ரெண்டு இடம் சேக்கணும் போல.”

சுண்டுவுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. ஓடுகிற ஓட்டத்தில், வாயில் மூச்சு வாங்கவே இடம் போதவில்லை. அதைச் சொல்லலாம். சொன்னால் அப்பா என்ன செய்வார் என்றும் தெரியும். ‘மூச்சு வாங்குதல் – 10 நிமிடம்’ என்று தாளில் சேர்த்துவிடுவார்.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அப்பாவின் அக்காவைக் கூப்பிட்டாள். அத்தை வேறு ஊரில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் பேச்சில் எப்போதும் கத்தரிக்கோல் சத்தமும் சேர்ந்தே வரும்.

“அத்தை, சின்ன வயசுல நீங்களும் அப்பாவும் ஆத்தோரம் போவீங்களாமே. அங்க என்ன பண்ணினீங்க?”

கத்தரிக்கோல் நின்றது. “என்ன பண்ணினோம்? ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணுமேவா?”

“சத்தியமாடி. புல்லுல மல்லாந்து கிடப்போம். வெயில் ஏறினா மரத்தடிக்குப் போவோம். அதுக்குக்கூட உங்கப்பன் எந்திரிச்சு நடக்க மாட்டான், உருண்டுதான் வருவான். தலையை ஆட்டாதீங்கம்மா, காது போயிடும்! உன்னை இல்லடி, இங்க ஒருத்தவங்களைச் சொன்னேன்.”

“அவ்வளவுதானா அத்தை?”

“அவ்வளவுதான். அந்த வருஷம் எங்களை எங்கயும் கூட்டிட்டுப் போக முடியலன்னு வீட்டுல எல்லாருக்கும் வருத்தம். எங்களுக்கு ராஜ வாழ்க்கை.”

“இதை அப்பாகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லிப் பாரு. படகு விட்டோம், மீன் பிடிச்சோம்னு சண்டைக்கு வருவான். முப்பது வருஷமா அந்தக் கோடைக்குத் தலகாணி மாதிரி பஞ்சு அடைச்சுக்கிட்டே இருக்கான் அவன்.”

சுண்டு சொல்லவில்லை. ஒருவர் முப்பது வருஷமாகப் பொத்தி வைத்திருக்கும் பெட்டியைப் பிடுங்கித் திறந்து, ‘உள்ளே ஒன்றுமில்லை பார்’ என்று காட்டுவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவே திறந்து பார்த்தால் அது வேறு. ஆனால் அவரை எப்படி நிறுத்துவது?

இரண்டாம் நாள் முதல் இடம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. வாசலில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு. அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. அருங்காட்சியகம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அதுவே அவருக்குப் போதுமான சுற்றுலாவாக இருந்தது.

பாதி வழியில், ஆற்றங்கரை நிறுத்தத்தில், பஸ் நின்றது. ஏறுகிறவர் ஏறினார், இறங்குகிறவர் இறங்கினார். பஸ் மட்டும் கிளம்பவே இல்லை. டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, வண்டிக்குத் தூக்கம் வந்துடுச்சா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார். “ஐயா, வண்டி ஏழு நிமிஷம் முன்னாடி வந்துடுச்சு. முன்னாடி வந்த வண்டி, அதோட நேரம் வர்ற வரைக்கும் நின்னே ஆகணும். அது சட்டம்.”

“சீக்கிரம் போனா நல்லதுதானேங்க?”

“நல்லதா? சரியான நேரத்துக்கு ஓடி வர்ற ஆளு என்ன ஆவாரு? லேட்டா போற வண்டியாவது ஆளை ஏத்திக்கும். சீக்கிரம் போற வண்டி எல்லாரையும் விட்டுட்டுப் போயிடும். அதைவிடப் பாவம் ஒண்ணும் கிடையாது!”

கத்தியவர் அடங்கிப்போனார். அப்பா பெருமையோடு உட்கார்ந்தார். பையிலிருந்து தாளை எடுத்தார்.

சுண்டு அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, நாம இப்ப எத்தனை நிமிஷம் முன்னாடி இருக்கோம்?”

அப்பா மனக்கணக்குப் போட்டார். “பூங்கா இல்லன்னு ஆயிடுச்சா... முப்பத்தஞ்சு நிமிஷம்! அதான் வழியில மீன் காட்சியகத்தைச் செருகிடலாமான்னு பாக்குறேன்.”

“முன்னாடி வந்த வண்டி என்ன பண்ணணும்ப்பா?”

“நிக்கணும். இப்பத்தானே சொன்னேன்.”

“அப்ப நாம?”

அப்பா அட்டவணையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார். ஊரில் நூற்றுப் பதினெட்டு பஸ்ஸுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ள அவரால் முடியாது. அதுதான் அவரிடம் உள்ள நல்ல குணம்.

“என்னங்க, நான் இறங்கிட்டேன்” என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அது அப்பா சொல்கிற ஆறு இல்லை. அது எங்கோ வேறு ஊரில் இருந்தது. இது ஒரு சாதாரண ஆறு. அவசரமில்லாத தண்ணீர், கரையில் புல், நான்கைந்து மரங்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால்களை விட்டார்.

அப்பா புல்லில் உட்கார்ந்தார், பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி. முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

“அடுத்த பஸ் சரியா முப்பத்தஞ்சு நிமிஷத்துல. அதுல ஏறிடணும்.”

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு சுண்டு மல்லாந்து படுத்தாள்.

மேலே ஒரு மேகம் நின்றிருந்தது. நின்றிருந்தது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு கிளை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அது நகர்கிறது. எறும்பைவிட மெதுவாக. கொஞ்சம் போனதும் அதன் ஒரு ஓரம் கரைந்து, எதுவுமில்லாமல் ஆனது. எங்கே போனது என்று தேடுவதற்குள் வேறொரு ஓரம் முளைத்தது. புல் காதோரம் குறுகுறுத்தது. தண்ணீர் கல்லில் பட்டு ஏதோ சொன்னது. மறுபடி அதையே சொன்னது. பூமி தன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டுவது போல அவளுக்கு இருந்தது.

பக்கத்தில் புல் நசுங்கும் சத்தம். அப்பா படுத்திருந்தார். கை நெஞ்சின் மேல் இருந்தது. கடிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது போல.

எவ்வளவு நேரம் என்று யாருக்குத் தெரியும்? பிறகு தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

அப்பா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “பஸ்!”

‘வேண்டாம்ப்பா’ என்று சுண்டுவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சினால் அப்பா அவளுக்காக இருப்பார். அவளுக்காக இருந்தால் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அது வேண்டாம்.

பஸ் வந்து நின்றது. டிரைவருக்கு அப்பாவை அடையாளம் தெரிந்தது. “சார், நீங்களா! ஏறலையா?”

அப்பா எழுந்து நின்றார். சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கால்களுக்கு நடுவே குட்டி மீன்கள் போய் வந்துகொண்டிருந்தன. அம்மா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார், தனக்குத் தானே. அப்பா சுண்டுவைப் பார்த்தார். அவள் மேகத்தைப் பார்த்தபடியே இருந்தாள், மூச்சுகூட விடாமல்.

“எங்களுக்கு இன்னும் நேரம் வரலப்பா. நீ போ” என்றார் அப்பா.

பஸ் போய்விட்டது. சுண்டு அடக்கி வைத்திருந்த மூச்சு ஒரு சிரிப்பாக வெளியே வந்தது. அப்பா திரும்பி வந்து, இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

வெயில் மெல்ல நகர்ந்து அவர் முகத்துக்கு வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு புரள் புரண்டார். இன்னொரு புரள். சட்டை பாழாவதைப் பற்றிக் கவலைப்படாமல் மரத்தடி வரை உருண்டே போய்விட்டார். அங்கே போய், தான் செய்த காரியத்தைப் பார்த்துத் திகைத்தவர் போல அசையாமல் கிடந்தார்.

“சுண்டு.”

“ம்.”

“அந்தக் கோடையில... நாங்க மீனெல்லாம் பிடிக்கலன்னு நினைக்கிறேன்.”

“அப்படியாப்பா?”

“படகும் கிடையாது. எங்ககிட்ட ஏது படகு?” அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. “சும்மா கிடந்தோம். இப்படித்தான். இதே மாதிரித்தான் இருந்துச்சு.”

சுண்டுவும் அவர் பக்கத்துக்கு உருண்டாள். உருளும்போது வானமும் புல்லும் மாறி மாறி வந்தன. எது மேலே, எது கீழே என்று சொல்ல முடியவில்லை.

அருங்காட்சியகத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் தாளும் நான்காம் நாள் தாளும் ஃப்ரிட்ஜ் கதவிலேயே தொங்கின. யாரும் கிழிக்கவில்லை. படிக்கவும் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அத்தை போன் பண்ணினார். நாளைக்கு அப்பா வேலைக்குப் போக வேண்டும்.

“என்னடா, லீவு முடிஞ்சுதா? என்ன பண்ணினீங்க நாலு நாளும்?”

“ஒண்ணும் பண்ணலக்கா” என்றார் அப்பா.

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.