தாட்சாயிணி ருசி பார்த்த லேகியம்

"கிணத்துல கொலுசைப் போட்டுட்டு, காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன்" என்று நடேசன் சிரித்தபோது தாட்சாயிணி லேகிய டப்பாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் சொன்ன பொய். ஏழு வயதில். கட்டிய புருஷனான அவரிடம்கூட மூச்சுவிடாத பொய்.

பெற்ற மகள் எழிலின் பெயரையே எட்டு மாதமாக மறந்திருந்த மனிதர் அவர். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, நெமிலிச்சேரியில் தெருமுனைக்குப் போனால் வீடு திரும்பத் தெரியாமல் நின்றார். பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடையில் அவள் வாங்கிவந்த வல்லாரை லேகியத்தைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வார். "கசக்காதுங்க, இதோ பாருங்க" என்று பாதியைத் தான் நக்கிக் காட்டிவிட்டு, அதே கரண்டியை அவர் வாயில் வைப்பாள். இருபதே நாளில் மனிதர் தேறிவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்போது, சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிக்கொண்டே போக, நெய்யும் பச்சிலையும் கலந்த லேகிய வாடை கூடமெங்கும் அப்பிக் கிடக்க, தூரத்தில் மின்சார ரயில் தடதடத்து ஓய, அவள் அந்தக் கிணற்றை நினைத்துப் பார்த்தாள். கிணறு இல்லை. அம்மாவின் முகத்தைத் தேடினாள். அதுவும் இல்லை.

அவருக்குத் திரும்பும் ஞாபகமெல்லாம் தன்னிடமிருந்துதான் போகிறது.

"இனிமே இது வேணாங்க" என்று டப்பாவை இறுக மூடினாள்.

"ஏன் தாச்சு? நல்லாத்தானே இருக்கு?"

தாச்சு யார் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. கையில் ஏதோ டப்பா இருந்தது. மருந்து நேரமாயிற்றே என்று நினைத்தாள். திறந்தாள். ருசி பார்த்தாள். கொடுத்தாள்.

கைபேசி அடித்தது. திரையில் ஓர் இளம்பெண்ணின் படம் சிரித்தது. யார் இவள்? நடேசன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எழிலு, சாப்ட்டியாடி கண்ணு?"

பெண்குரல். அவர் தொண்டையிலிருந்து. அவளுடைய குரல்.

"சாப்ட்டேம்மா. அப்பா எப்படி இருக்காரு?"

நடேசன் திரும்பி அவளைப் பார்த்தார். பாவமாகப் பார்த்தார்.

"அப்படியேதான்டி. இங்கதான் ஒக்காந்திருக்காரு. யாரையும் அடையாளம் தெரியல."

இல்லை என்று கத்த வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்ல வேண்டும். நான்தான்...

சொல்வதற்கு ஒரு பெயர்கூட அவளிடம் இல்லை.