குளிக்காமல் வந்த பேச்சி

பேச்சிக்குப் பெயரில்தான் பேச்சு உண்டு. வாயில் அவ்வளவாகக் கிடையாது. குடும்பம் பிழைக்க வந்த மலையாள ஊரில், வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிட்டால் அவள் சொல்லும் பதில் பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. ஆனால் மூக்கு மட்டும் ரொம்பக் கூர்மை. இப்போது அந்த மூக்கே அவளுக்குத் தொல்லையாகிவிட்டது.

சாயங்காலம் அப்பா இசக்கிப்பாண்டி வாசலுக்கு வரும் முன்பே ஒரு புளித்த வாசம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்த மாதிரி வாசம் பேச்சிக்குப் பழகியதுதான். அப்பா முன்பு குடிப்பார். குடித்துவிட்டு வந்த நாட்களில் அம்மா அழுதுகொண்டே பாத்திரம் துலக்குவாள். அதைப் பேச்சி இன்னும் மறக்கவில்லை.

போன சித்திரையில் அப்பா பேச்சியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "இனிமே தொடமாட்டேன். இது எம்பிள்ள மேல சத்தியம்."

பிள்ளை தலையில் செய்த சத்தியத்தை மீறினால், அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் இப்போது அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"நான் குடிக்கலைன்னு சொல்லுதேன்லா பகவதி," என்றார் அப்பா. "மழையில கட்டட வேல இல்ல. பெட்டி ஆட்டோல மாட்டுத் தீவனம் கொண்டு போடுதேன். பீர் கம்பெனிலேர்ந்து வார சக்கை. அந்த வாடைதான் இது."

"பீர் கம்பெனிச் சக்கையை மாடு திங்குதாக்கும்," என்றாள் அம்மா. "முன்ன இருமல் மருந்துன்னு சொன்னீங்க. அப்புறம் யாரோ சட்டையில கொட்டிட்டாங்கன்னு சொன்னீங்க. நான் எத்தனையத்தான் நம்ப? ஊதுங்க பாப்போம்."

அப்பா ஊதினார். இருந்ததோ ஒரே ஓர் அறை. அது முழுக்கச் சட்டை வாசம் நிறைந்திருக்கும்போது மூச்சு வாசத்தை எங்கே பிரித்தறிவது? அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழம நானும் பிள்ளையும் வள்ளியூருக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம். அவ அங்கயே படிக்கட்டும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பேச்சிக்கு அப்பாவை விட்டுப் போக வேண்டுமே என்பது ஒரு துக்கம். அவர் சொல்வதை முழுசாக நம்ப முடியவில்லையே என்பது அதைவிடப் பெரிய துக்கம்.

சனிக்கிழமை காலையில் அம்மா கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஹாஸ்டலுக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். அப்பா வண்டிச் சாவியை எடுத்தபோது பேச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நானும் வாறேம்ப்பா."

"வேவு பாக்கவா?" அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பேச்சிக்குப் பொய் சொல்ல மனசில்லை. "பாக்கத்தான் வாறேன்," என்றாள்.

அவர் தன் பக்கத்தில் இருந்த துண்டை எடுத்து, அவள் உட்கார இடம் பண்ணிக் கொடுத்தார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய லாரி நின்றது. அதிலிருந்து இறக்கிய சாக்குகளை அப்பா ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து வந்து பெட்டி ஆட்டோவில் ஏற்றினார். சாக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகி அவர் கழுத்து, முதுகு, சட்டை எல்லாவற்றையும் நனைத்தது. பேச்சி மூக்கை உறிஞ்சினாள். அதே வாசம்.

அவர்கள் போய் நின்றது, அப்பாவிடம் தீவனம் வாங்கும் அஸ்வதி சேச்சியின் மாட்டுத் தொழுவத்தில். சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. சாக்கைப் பார்த்ததும் மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரு கறுப்புப் பசு, பேச்சியின் கையில் ஒட்டியிருந்த உமியைக்கூட விடாமல் நக்கி எடுத்தது.

"சேச்சி, இதத் தின்னா மாட்டுக்குப் போதை ஏறாதா?"

சேச்சி வைக்கோலோடு சக்கையைக் கலந்துகொண்டே சொன்னார். "இல்ல மோளே. பார்லிய வெந்நீர்ல ஊற வச்சு, அதோட மதுரத்த மட்டும் அவங்க எடுக்கும். பியர் ஆகுறது அதுக்குப் பின்னே. சக்கை முன்பே வெளியில வந்துரும். இதுல லஹரி ஒண்ணும் இல்லா."

லஹரி என்றால் போதை. அது பேச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்த மலையாளச் சொல்.

"அப்போ இந்த வாடை?"

"லாரியில சூட்டுல வருதில்லே. தோசை மாவு புளிக்கும் போலே இதுவும் புளிக்கும். ரொம்பப் புளிச்சா பசுவுக்குக் கொடுக்க மாட்டேன். வாழைக்கு உரமாப் போடும்."

பேச்சிக்குப் புரிந்துவிட்டது. அப்பா சொன்னது உண்மை. ஆனால் தனக்குத் தெரிந்து என்ன பயன்? அம்மா நம்ப வேண்டுமே. அவள் யோசித்தாள்.

"அப்பா, நானும் சொமக்கேன்."

"சட்டையெல்லாம் நாறிப்போகும்ட்டி."

"போகட்டும்."

அப்பா ஒரு சின்ன வாளியில் அரைவாசி போட்டுத் தலையில் தூக்கி வைத்தார். அது கனத்தது. சக்கைத் தண்ணீர் தளும்பி அவள் தலைமுடியை நனைத்து, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. சாக்குகள் தீரும் வரை அவளும் நடந்தாள்.

வேலை முடிந்ததும் சேச்சி பால் விடாத கட்டன்சாயாவும் வாழைப்பழத்தைப் பொரித்த பழம்பொரியும் கொடுத்தார். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, "வா மோளே, மேல் கழுகிட்டுப் போ," என்றார்.

பேச்சி தண்ணீரை நோக்கி நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் சேச்சி. இப்படியே போறேன்."

சாயங்காலம் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "நீங்க இங்கயே இருங்கப்பா. நான் மொதல்ல போறேன்."

அம்மா துணிப்பையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசம் வந்ததும் அவள் கை நின்றது. நிமிராமலே, "இன்னைக்குமா?" என்றாள்.

பிறகு நிமிர்ந்தாள். வாசலில் பேச்சி மட்டும் நின்றாள். அம்மா தெருவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, யாரு என்ன குடுத்தா ஒனக்கு? ஊது."

பேச்சி ஊதினாள். சாயா வாசமும் பழம்பொரி வாசமும்தான் வந்தன. அம்மா அவளை இழுத்துத் தலைமுடியை முகர்ந்தாள். சட்டையை முகர்ந்தாள். தினமும் அந்த அறையை நிறைத்த அதே வாசம்.

"மாட்டுச் சக்கைம்மா. நானும் தலையில சொமந்தேன்," என்றாள் பேச்சி. "பீர் ஆகுறதுக்கு முன்னாலயே எடுத்த சக்கை. அதுல போதை கிடையாது. சேச்சி சொன்னாங்க. நான் ஒரு வாளி ஒரு வாளியாத்தான் சொமந்தேன். அப்பா சாக்குச் சாக்காச் சொமக்காங்க."

பேச்சி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அம்மா கேட்டதே இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு எழுந்து தெருமுனைக்கு நடந்தாள். வண்டிக்குள் இருந்த அப்பா அவளைக் கண்டதும் இறங்கினார்.

"ஊதட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் அம்மா. "நம்பணும்னுதான் தினமும் ஆசப்பட்டேன். பயந்துட்டேன்."

"பயப்பட வச்சது நாந்தான," என்றார் அப்பா.

அன்று அம்மா பேச்சிக்குத் தலையில் சுடுதண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். வாசம் அவ்வளவு சுலபமாகப் போவதாக இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா," என்றாள் பேச்சி.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா.