சேமித்து வைத்த அக்கா

காலையிலிருந்து வெளியே மழை. திரையில் மட்டும் அக்காவின் மடியில் வெயில் அடித்தது.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அம்மா போனபின் தன்னை வளர்த்து ஆளாக்கியவளை எட்டிப் பார்க்க நேரமில்லாத தம்பி, அவள் நாற்காலிக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டிவிட்டுக் கையைக் கழுவியிருந்தான்.

"தினமும் பாத்துக்கிட்டுதானேக்கா இருக்கேன்" என்பான்.

"கேமராவாடா எனக்குக் கால் புடிச்சுவிடும்?" என்று அவள் சிரிப்பாள்.

சர்வர் அறையின் குளிரில், விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கும் நடுவே நின்று அந்த வெயிலையே வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இணையம் ஊர்கிறது என்று அலுவலகமே கரித்துக் கொட்டியதால், அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி சர்வருக்கு அவன்தான் இரண்டு உத்தரவு போட்டிருந்தான். ஒருமுறை வாங்கியதைச் சேமித்து வைத்து அதையே திரும்பத் திரும்பக் கொடு. யாரும் கேட்கும் முன்பே, அடுத்து வரப்போவதையும் நினைவகம் கொள்ளுமட்டும் வாங்கி வை. ஆக, இத்தனை நாளும் அவன் பார்த்தது என்றோ எடுத்த ஒரே படம். நல்ல தம்பி!

போன் அடித்தது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்.

"தம்பி, தட்டித் தட்டிப் பாத்தோம், கதவு திறக்கல. ஒரே வாடை. ஜன்னல் வழியா பாத்தா... அக்கா போயிட்டாங்கப்பா. நாளாயிருக்கும். நாற்காலியிலயே..."

அவனுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. சேமித்து வைத்த பழைய படத்தையெல்லாம் அழித்தான்.

திரை கறுத்தது. பிறகு இன்றைய அறை. மழை இருட்டு. நாற்காலியில் அக்கா, தலை தொங்கி.

தலை நிமிர்ந்தது.

எழுந்தாள். நாற்காலியைத் துடைத்தாள். அதன் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவன் இணையக் கேபிளைப் பிடுங்கினான். படம் நிற்கவில்லை. மேலே மேலே ஓடியது. கேட்கும் முன்பே வாங்கி வைத்தது. இனிமேல் வரப்போவது.

"தம்பி, லைன்ல இருக்கியா? சீக்கிரம் வாப்பா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வரல" என்றான். "நான் வரமாட்டேன்."

திரையில் கதவு திறந்தது. நனைந்தபடி ஒருவன் உள்ளே வந்தான். இவன் போட்டிருந்த அதே சட்டை. இவன் முகம். நாற்காலியில் உட்கார்ந்தான். மெல்லத் தலை தொங்கியது.

அந்தத் தலைமுடியை, தோல் உரிந்த விரல்களால், அக்கா ஆசையாகக் கோதிக்கொண்டிருந்தாள்.