காய்ந்த குளியலறை

பொழிச்சலூரில் அந்த ஓட்டு வீட்டின் முன் சுந்தர்சிங் செருப்பைக் கழற்றியபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. துக்கம் விசாரிக்க வந்ததாகத்தான் சொன்னார். பைக்குள் கதிர்வீச்சு மீட்டர் இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கொட்டகையில் அவர் சூப்பர்வைசர். பழைய இரும்புக் கடையொன்றில் கதிரியக்க உருளை உடைந்து கெட்டுப்போன மண்ணை, அங்கே கால்சியம் உப்போடு கலந்து உலையில் வறுப்பார்கள். சூட்டில் மண்ணைவிட்டு ஆவியாகும் விஷத்தை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தவன் ஜீவரத்தினம். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்றித்தான் வெளியேற வேண்டும். ஷிப்ட் வண்டி காத்திருக்கிறதே என்று, "வீட்ல போய் குளிச்சுக்கோ, கிளம்பு" என்று தினமும் விரட்டியவர் சுந்தர்சிங்.

போன மாதம் ஜீவரத்தினம் ரத்தம் வற்றிச் செத்துப்போனான். அவன் மனைவியும் மகளும் அவன் கொண்டுவந்த தூசியில்தான் இன்னும் படுத்துத் தூங்குகிறார்கள். அதை நினைத்தால் சுந்தர்சிங்குக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம்.

ஜீவரத்தினத்தின் மனைவி தபீதாள் டீ கொண்டுவந்தாள். பின்பக்கம் யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள்.

"உள்ள யாரும்மா?"

"பயப்படாதீங்க சார். அவருதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சாயந்தரமானா குளிச்சிகினே கீறாரு. எவ்ளோ தேச்சாலும் போவலன்னு அழுவுறாரு."

சோப்பு வாசனை. அதன் அடியில் வறுத்த மண்ணின் வாசனை.

சுந்தர்சிங் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினார்.

தரை காய்ந்து கிடந்தது.

பக்கெட் காலி. உள்ளே யாருமில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பைக்குள் மீட்டர் படபடவென்று பொரிந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்னாலதாம்மா செத்தான். நான்தான் குளிக்கவிடாம அனுப்பினேன். இனிமே இந்த வீட்ல இருக்காதீங்க. பாப்பாவைக் கூட்டிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

சத்தம் நின்றது.

தபீதாள் அவரைத் திட்டவில்லை. "பிளஸ்ஸி!" என்று மகளைக் கூப்பிட்டு அலறினாள்.

அந்தக் காய்ந்த அறைக்குள்ளிருந்தே குழந்தை வந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அப்பா ஊத்திவுட்டாரும்மா. எல்லாம் போயிடுச்சாம்."

சுந்தர்சிங் பையிலிருந்து மீட்டரை எடுத்து அவள் தலையருகே நீட்டினார். சத்தமே இல்லை. அழுகை வந்துவிட்டது. மீட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அது அலறத் தொடங்கியது.

காலையில் துவைத்துப் போட்ட சட்டை. உலைப் பக்கம் ஒருநாளும் போகாதவர் அவர். மீட்டரைத் தள்ளிப் பிடித்தால் அடங்கியது, நெஞ்சருகே கொண்டுவந்தால் மறுபடி அலறியது.

பிளஸ்ஸி அவர் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"வா அங்கிள். உன்னையும் குளிக்க வரச் சொல்றாரு அப்பா."