வெள்ளத்தன்று விழுந்த கையெழுத்து

வெள்ளம் வடிந்து இருபது நாள் ஆகியும் தையற்காரம்மாவின் செருப்பில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. அதை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஒரு காகிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி கையெழுத்துக்காரரின் முன்னறையில் வந்து நின்றாள்.

"ஐயா, நான் கொடுக்காத வரிப் படிவத்தை நான் கொடுத்துட்டேன்னு சொல்றாங்க."

"முதல்ல உக்காருங்கம்மா" என்றார் கையெழுத்துக்காரர். வங்கியில் முப்பது வருடம் கையெழுத்துகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி; பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தான் யோசிக்கத் தொடங்கும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் வேறு யாராவதாக இருப்பார்.

அவள் சொன்னது இதுதான். வரிப் படிவம் கொடுக்கக் கடைசி நாளன்று விடியற்காலையில் ஆறு கரை உடைத்தது. அவளும் கணவனும் அன்று முழுக்க மொட்டை மாடியில் நின்றார்கள். கீழே கடையில் இரண்டு தையல் மிஷின்களும், வாடிக்கையாளர் துணிகளும், கணக்கு நோட்டும் மூழ்கின. வெள்ளம் பாதித்த தெருக்களுக்கு மூன்று மாத அவகாசமும், இழப்பைக் காட்டினால் வரியில் சலுகையும் உண்டு என்று பிறகு அறிவித்தார்கள். நேற்று போய்க் கேட்டால், உங்கள் படிவம் அன்றே வந்துவிட்டது, இழப்பு எதுவும் அதில் இல்லை என்றார்கள்.

"கையெழுத்து உங்களுதுன்னா சலுகை கிடையாது, இல்லேன்னா போலீஸ்ல புகார் கொடுங்கன்னு அதிகாரி சொல்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். ஒண்ணுமே இழக்கலைன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு ஐயா."

கையெழுத்துக்காரர் நகலை வாங்கி ஜன்னல் ஓரம் போனார். தட்டச்சு செய்த படிவம். அலுவலக முத்திரையில் நேரம் பதினொன்று இருபது. கீழே கையெழுத்து. குறிப்பு என்ற இடத்தில் மட்டும் கையால் ஒரு வரி: இவர் வீட்டைத் தண்ணீர் சூழ்ந்திருப்பதால் நேரில் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு சொல்லை எழுதி அடித்திருந்தது.

"பாலத்தை எப்போ மூடினாங்க?"

"காலையில ஆறு மணிக்கே. வரி ஆபீஸ் அக்கரையில. எங்க குடும்பக் கணக்கர் ஆபீசும் அங்கதான்."

"அப்புறம் என்ன? கணக்கர்தான்!" மைத்துனர் தொடையில் தட்டினார். "கணக்கு பூரா அவர்கிட்ட. ஆளும் அக்கரையில. விஷயம் முடிஞ்சுபோச்சு அத்தான்."

"பாதி முடிஞ்சுது மாப்பிள்ளை. தட்டச்சு அவரோடதுதான். கையெழுத்து?" நகலை அவளிடம் நீட்டினார். "நல்லாப் பாருங்கம்மா. என்ன வித்தியாசம்?"

அவள் உற்றுப் பார்த்தாள். "என்னுது மாதிரியேதான்... முன்னெழுத்து மட்டும் அப்பாவோடது. கல்யாணம் ஆகி அஞ்சு வருஷமா வீட்டுக்காரர் எழுத்தைத்தானே போடறேன்."

"கணக்கர் போட்டிருந்தா, போன வருஷப் படிவத்தைப் பார்த்துப் புதுசு மாதிரியே போட்டிருப்பார். இதைப் போட்டவருக்கு உங்க பழைய கையெழுத்து மனப்பாடம். புதுசைப் பார்த்ததே இல்லை." நகலை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். "அடிச்ச சொல்லு 'பாப்பா'. உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"இல்லைங்க."

"அப்போ பாப்பான்னு ஒருத்தியைத் தேடணும்!" மைத்துனர் எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க. அவங்க இங்கதான் இருக்காங்க" என்றார் கையெழுத்துக்காரர் மெல்ல. "எழுதினவருக்கு இவங்க பேரை விட அதுதான் முதல்ல கையில வந்திருக்கு. ஆபீஸ் காகிதமாச்சேன்னு அடிச்சிருக்காங்க."

தையற்காரம்மா நகலை வாங்கி, அடித்த சொல்லை விரலால் தடவினாள். பிறகு, "நாப்பத்திரண்டு வயசுல என்னைப் பாப்பான்னு கூப்பிட ஒரே ஆள்தான் இருக்கு. எங்க அக்கா, அக்கரையில இருக்கா" என்றாள். "ஆறு வருஷமாச்சு பேசி. அம்மா முடியாம கிடந்தப்போ நான் ரெண்டு நாள் பிந்தி வந்தேன். அம்மா கண்ணை மூடிட்டாங்க. இனி எதுக்கு வந்தேன்னு அக்கா கேட்டா. அதோட சரி. கல்யாணத்துக்குக் கூட நான் சொல்லி அனுப்பலை."

மறுநாள் காலை கணக்கரின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக, சொல்லி அனுப்பி வரவழைத்த ஒரு நரைத்த தலைப் பெண் கதவோரம் நின்றாள். தங்கையைப் பார்த்ததும் புடவை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

கணக்கர்தான் முதலில் பேசினார். "அன்னைக்கு இவங்க மூணு தடவை பாலத்துக்கு ஓடினாங்க. போலீஸ் விடலை. போனும் கிடைக்கலை. உங்களுக்காவது தகவல் தெரியுமான்னு என்கிட்ட வந்து நின்னாங்க. மேசையில படிவம் இருந்துச்சு. இன்னைக்குக் கடைசி நாள்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். இவங்களே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டாங்க."

"நீ உயிரோட இருக்கியான்னே எனக்குத் தெரியலை" என்றாள் அக்கா. "தண்ணியை நான் நிறுத்த முடியுமா? உன்னைத் தூக்கிட்டு வர முடியுமா? என் கையில இருந்தது அந்தக் காகிதம் ஒண்ணுதான். பிந்திட்டேன்னு அன்னைக்கு உன்னை நான் ஏசினேன். இன்னொருத்தன் அதே வார்த்தையை உன்கிட்ட சொல்லிடக் கூடாதுன்னு..."

தங்கை எழுந்து போய் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பி, அவசரமாக மூக்கைச் சிந்தினார்.

"பாசமா இருந்தாலும் அடுத்தவங்க கையெழுத்தைப் போடறது தப்புதான்மா" என்றார் கையெழுத்துக்காரர். சட்டைப் பையிலிருந்து வரித் துறையின் வெள்ள நிவாரண ஆணையை எடுத்துப் பிரித்தார். "ஆனா ராத்திரி இதை முழுசாப் படிச்சேன். மூணாம் பக்கம். வெள்ளத்துல மாட்டிக்கிட்டவங்களுக்காக ரத்த சொந்தம் படிவம் கொடுத்திருந்தா, ரெண்டு பேரும் நேர்ல வந்து உண்மையை எழுதிக் கொடுக்கலாம். இழப்பைக் காட்டிப் புதுப் படிவமும் கொடுக்கலாம். அதிகாரி முதல் பக்கத்தோட நிறுத்திட்டார் போல."

மதியத்துக்குள் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று அக்காவைக் கண்டித்தார். பிறகு பழைய படிவத்தின் மேல் ரத்து முத்திரையைக் குத்திவிட்டு, புதியதை நீட்டினார். மிஷின், துணி, நோட்டு எல்லாவற்றையும் தையற்காரம்மா தன் கையாலேயே எழுதினாள். அக்கா பக்கத்தில் நின்று, விட்டுப்போன ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நினைவூட்டினாள்.

படியிறங்கும்போது அக்கா கேட்டாள். "எங்க தூங்குறீங்க?"

"கடை மாடியில. பாய் விரிச்சு."

"என் வீட்டுல ரெண்டு அறை சும்மா கிடக்கு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. அவர் முகத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லையே."

"அதோ, கேட்டுக்கு வெளியில நிக்கறார். காலையிலேர்ந்து உனக்குப் பயந்துதான் உள்ள வரலை."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, கேட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.